ஒரு மேடா, இரண்டு மேடா? இந்தச் சிறுகோளின் சுழற்சிக் காலம் 3.42 மணியா, 6.84 மணியா?

சுழல்தேடி:
வணக்கம் நண்பர்களே. முதன்மைப் பட்டையில் உள்ள ஒரு சிறுகோளைச் சில வாரங்களாக 10 அங்குலத் தொலைநோக்கியில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பிரகாசம் 14.5 மேக்னிட்யூட் அளவில் இருக்கிறது. அதன் எண்ணை இப்போதைக்குச் சொல்லவில்லை. பழைய முடிவு எதையாவது பார்த்துவிட்டு யாரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது, ஒளிவளைவை, அதாவது நேரத்தோடு வெளிச்சம் ஏறி இறங்கும் கோட்டை, மட்டும் வைத்துப் பேச வேண்டும் என்பதுதான் காரணம்.

படங்களை அளந்து மென்பொருளில் கொடுத்தால் இரண்டு விடைகள் வருகின்றன. எல்லா இரவுகளின் புள்ளிகளையும் 3.42 மணிச் சுற்றாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், அதாவது மடித்தால், சுற்றுக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம். 6.84 மணி என்று மடித்தால் இரண்டு மேடு, இரண்டு பள்ளம். பொருத்தத்தில் மிஞ்சும் பிழை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மொத்த வீச்சு (மேட்டின் உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள வேறுபாடு) 0.13 மேக்னிட்யூட், ஒவ்வொரு புள்ளிக்கும் பிழை 0.015 அளவில். ஒரு இரவில் சுமார் 4 மணி நேரம் எடுக்க முடிகிறது.

சிறுகோள் என்றாலே இரண்டு மேடு என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். அதை நம்பி 6.84 என்று முடித்துவிடலாமா?

நிழல்முனை:
முடித்துவிடலாம் என்பேன். பதிவான ஒளிவளைவுகளில் மிகப் பெரும்பாலானவை இரட்டை மேடு. நீளமான உடல் ஒன்று குறுக்கச்சில் சுழலும்போது அகன்ற பக்கம் சுற்றுக்கு இரண்டு முறை நம்மைப் பார்க்கிறது, குறுகிய முனையும் இரண்டு முறை. வேறு சான்று இல்லாதபோது பெரும்பான்மையின் பக்கம் நிற்பதுதான் நியாயம்.

வளைகோடு:
அந்த நியாயம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். எல்லாம் வீச்சைப் பொறுத்தது.

ஈராஸ் என்ற சிறுகோளை எடுத்துக்கொள்ளுங்கள். 1898இல் குஸ்டாவ் விட் கண்டுபிடித்தார். 1901இல் ஓப்போல்ட்சர் அதன் பிரகாசம் ஏறி இறங்குவதைக் கவனித்தார். சுழற்சிக் காலம் 5.27 மணி. நீளம் 34 கிலோமீட்டர், குறுக்கே 11 கிலோமீட்டர்தான் என்பதை 2000இல் அதைச் சுற்றத் தொடங்கிய நியர் விண்கலம் அருகிலிருந்து காட்டியது. நீள அகல விகிதம் மூன்று. விகிதத்தின் மடக்கையை 2.5ஆல் பெருக்கினால் வீச்சு கிடைக்கும்: ஏறக்குறைய 1.2 மேக்னிட்யூட். இப்படிப்பட்ட உடலுக்கு இரண்டு மேட்டைத் தவிர வேறு வழியே இல்லை. கட்டக் கோணம் (கோளிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள கோணம்) சிறிதாக இருக்கும்போது வீச்சு 0.4க்கு மேல் போனால் வளைவு இரட்டை மேடாகத்தான் இருக்க முடியும் என்று ஆலன் ஹாரிஸும் உடன் பணிபுரிந்தவர்களும் 2014இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

உங்கள் வீச்சு 0.13. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் விகிதம் 1.13 வருகிறது. அதாவது நமக்குத் தெரியும் கோணத்தில் இந்தக் கோள் ஏறத்தாழ வட்டம். ஒரு பக்கம் பெரிய பள்ளம் விழுந்திருந்தாலோ, ஒரு பகுதி மற்றதைவிடக் கருமையாக இருந்தாலோ அதுவே வளைவின் போக்கைத் தீர்மானித்துவிடும். ஒரு மேடும் வரலாம், மூன்றும் வரலாம், நான்கும் வரலாம். பெரும்பான்மைக் கணக்கு பெரும்பாலும் வீச்சு மிகுந்த கோள்களிலிருந்து வந்தது. சிறிய வீச்சுக்கு அதை அப்படியே கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை.

வெஸ்டா என்ற பெரிய சிறுகோளே இதற்குச் சாட்சி. அதற்கு 5.34 மணியா, 10.68 மணியா என்ற கேள்வி நெடுங்காலம் நீடித்தது. இரண்டு மேடு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு 10.68தான் விடை. உண்மை 5.34. வெஸ்டா கிட்டத்தட்ட உருண்டை, ஒரு அரைக்கோளம் மற்றதைவிட வெளிச்சமானது, அதனால் சுற்றுக்கு ஒரே மேடு. ஹபிள் படங்கள் இதை உறுதிசெய்தன, 2011இல் அங்கே போய்ச் சேர்ந்த டான் விண்கலமும் உறுதிசெய்தது.

புதுப்புள்ளி:
நான் இந்தப் பக்கத்துக்குப் புதியவள். அடிப்படைக் கேள்வி ஒன்று. தொலைநோக்கியில் தெரிவது வெறும் புள்ளிதானே? வெளிச்சம் மாறுவது வடிவத்தாலா, மேற்பரப்பின் நிறத்தாலா என்று புள்ளியை வைத்து எப்படிப் பிரிக்கிறீர்கள்?

வளைகோடு:
நல்ல கேள்வி அம்மா. ஒரே ஒரு வளைவை வைத்துப் பிரிக்க முடியாது என்பதுதான் நேரான பதில். 1906இல் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் இதைக் கணித முறையில் ஆராய்ந்தார். சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும்போது எடுத்த அளவீடுகளை மட்டும் கொண்டு வடிவத்தையும் புள்ளிகளையும் தனித்தனியே பிரித்துவிட முடியாது என்பது அவருடைய முடிவு.

நிறம் மட்டுமே ஆளும்போது எப்படி இருக்கும் என்பதற்குச் சனியின் துணைக்கோள் இயாப்பெட்டஸ் நல்ல உதாரணம். 1671இல் காசினி அதைச் சனியின் மேற்குப் பக்கத்தில் கண்டார். கிழக்குப் பக்கம் வந்தபோது காணவில்லை. கிழக்கே அதைப் பார்க்க 1705 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்கு இன்னும் நல்ல தொலைநோக்கி தேவைப்பட்டது. ஒரு பக்கம் கருமை, மறுபக்கம் வெண்மை. வெளிச்சம் ஒரு சுற்றுக்கு ஒரே முறை ஏறி ஒரே முறை இறங்குகிறது.

சிறுகோள்களுக்கு இப்போது வழி இருக்கிறது. பல ஆண்டுகளில், பல கோணங்களில் எடுத்த வளைவுகளை ஒன்றாகச் சேர்த்து வடிவத்தை மீட்கும் முறையைக் காசலைனனும் டோர்ப்பாவும் 2001இல் வெளியிட்டார்கள். சூரிய ஒளி பக்கவாட்டில் விழும்போது மேடு பள்ளங்களின் நிழல் வளைவில் தடம் பதிக்கிறது, வடிவத்தைப் பற்றிய தகவல் அங்கேதான் அதிகம். இரண்டு வெவ்வேறு ஃபில்டரில் எடுப்பதும் உதவும். சுழலும்போது நிறம் மாறினால் மேற்பரப்பில் வேறுபாடு உண்டு. மாறாவிட்டால் வடிவத்தின் மேல் சந்தேகம் கூடும், அவ்வளவுதான்.

இரவுக்கணக்கு:
சுழல்தேடி, வடிவம் நிறம் எல்லாம் இருக்கட்டும். உங்கள் எண்களில் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. 24ஐ 6.84ஆல் வகுத்துப் பாருங்கள். 3.509 வரும். அதாவது 6.84தான் உண்மை என்றால் ஒரு நாளில் கோள் மூன்றரைச் சுற்று சுற்றிவிடுகிறது. இன்று இரவு 10 மணிக்கு எந்தப் பக்கம் தெரிகிறதோ, நாளை 10 மணிக்கு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். நாளை மறுநாள் மறுபடி இன்றைய பக்கம்.

நீங்கள் எடுப்பது 4 மணி நேரம். 6.84இல் அது 0.58 சுற்று. ஆக ஒரு இரவில் ஒரு பாதி, அடுத்த இரவில் மறு பாதி. இரண்டு இரவும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி இரு முனையிலும் அரை மணி நேரம் அளவுக்குத்தான். இப்போது சொல்லுங்கள், ஒவ்வொரு இரவின் தரவையும் மென்பொருள் மேலே கீழே நகர்த்திக்கொள்ள அனுமதித்திருக்கிறீர்களா?

சுழல்தேடி:
ஆமாம் சார். ஒவ்வொரு இரவும் தனி செஷன். ஒப்பீட்டு நட்சத்திரங்கள் இரவுக்கு இரவு மாறுகின்றன, கோள் நகர்ந்துகொண்டே இருக்கிறதே. அதனால் செஷன்களுக்கு இடையிலான நகர்வை மென்பொருளே பிழை குறையும்படி தேர்ந்துகொள்கிறது.

இரவுக்கணக்கு:
அங்கேதான் விடை ஒளிந்திருக்கிறது. முதல் மேடு இரண்டாம் மேட்டைவிட 0.03 உயரம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளங்கள் சமம். முதல் மேடு ஒற்றைப்படை இரவுகளில், இரண்டாம் மேடு இரட்டைப்படை இரவுகளில். 3.42 மணிக்கு மடிக்கச் சொன்னதும் மென்பொருள் என்ன செய்யும்? ஒற்றைப்படை இரவுகளைக் கொஞ்சம் இறக்கும், இரட்டைப்படை இரவுகளைக் கொஞ்சம் ஏற்றும். 0.03 வேறுபாடு மேட்டில் பாதி, பள்ளத்தில் பாதி என்று பிரிந்து 0.015 ஆகிவிடும். உங்கள் புள்ளிகளின் பிழையும் 0.015. வேறுபாடு இருந்த இடமே தெரியாது. இரண்டு விடையும் சமமாகப் பொருந்துகின்றன என்றால் கோள் அப்படி என்று அர்த்தமில்லை, பிரித்துக் காட்டும் சக்தி தரவில் இல்லை என்றுதான் அர்த்தம்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, இரவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள். அட்லாஸ் அட்டவணையில் உள்ள நட்சத்திரங்களின் பிரகாசத்தை எடுத்து, சூரியனின் நிறத்தை ஒத்தவற்றை மட்டும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். சிவப்பு நட்சத்திரங்களைச் சேர்த்தால் வானத்தில் உயரம் மாற மாற வளைவு சாய்ந்துவிடும். இப்படிச் செய்தால் இரவுக்கு இரவு 0.02, 0.03க்குள் நிறுத்த முடியும். கூடவே தொலைவுக்கும் கட்டக் கோணத்துக்கும் திருத்தம் போடுங்கள். கோணம் ஒரு பாகை கூடினால் பிரகாசம் 0.03 மேக்னிட்யூட் வரை குறையும், எதிரமைவுக்கு, அதாவது கோள் சூரியனுக்கு நேர் எதிரே வரும் நிலைக்கு, மிக அருகில் அதைவிட வேகமாக. சில வாரத் தரவில் அது உங்கள் மொத்த வீச்சையே விழுங்கிவிடும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். 7 மணி நேரத்துக்குக் குறையாத ஒரு முழு இரவு. இரண்டு மேடும் ஒரே இரவில், ஒரே ஒப்பீட்டு நட்சத்திரங்களோடு வந்துவிட்டால் நகர்வுக்கே இடமில்லை.

நிழல்முனை:
இதை ஒப்புக்கொள்கிறேன். இந்த எண் சரியாக வர வேண்டும் என்று நாம் இவ்வளவு மெனக்கெடுவதன் காரணத்தையும் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

சில நூறு மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களின் சுழற்சிக் காலங்களை வரைபடமாகப் போட்டால் 2.2 மணி அருகே சுவர் எழுப்பியதுபோல ஒரு எல்லை தெரியும். அதற்கும் வேகமாகச் சுழல்பவை மிகமிக அரிது. காரணம் எளிது. நடுக்கோட்டில் கிடக்கும் ஒரு கல்லை ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, சுழற்சி வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் காலத்தைக் கணக்கிட்டால் கோளின் அளவு சமன்பாட்டிலிருந்து மறைந்துவிடும், அடர்த்தி மட்டும் நிற்கும். 3.3 மணியை அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவே. கன சென்டிமீட்டருக்கு 2 கிராம் என்றால் 2.3 மணி. அந்த எல்லையில் கூட்டம் நின்றுவிடுவதே இவற்றில் பல, ஒட்டாமல் குவிந்து கிடக்கும் கற்குவியல்கள் என்பதற்கு வலுவான சான்று. யாரும் அங்கே போகவில்லை, புள்ளிகளின் வெளிச்சத்தை அளந்தே இதைத் தெரிந்துகொண்டோம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

எல்லையை மீறுபவையும் உண்டு. 1950 டிஏ சுற்ற 2.12 மணிதான் எடுக்கிறது. வெறும் ஈர்ப்பால் அது தாக்குப்பிடிக்காது, துகள்களுக்கு இடையே சிறிதளவு ஒட்டுவிசை வேண்டும் என்று 2014இல் காட்டினார்கள். ரூபின் ஆய்வகத்தின் முதல் படங்களிலிருந்து கிடைத்த 2025 எம்என்45 இன்னும் வியப்பு. சுமார் 710 மீட்டர் அகலம், ஒரு சுற்றுக்கு 1.88 நிமிடம். அது திடப்பாறையாக இருந்தால்தான் சிதறாமல் நிற்க முடியும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். ஒருவர் 4.2 மணிக்குப் பதில் 2.1 மணி என்று பாதிக் காலத்தைப் பதிவு செய்தால், இல்லாத ஒரு வலிமையை அந்தக் கோளுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

புதுப்புள்ளி:
அவ்வளவு வேகம் அவற்றுக்கு எங்கிருந்து வருகிறது? மோதலிலா?

நிழல்முனை:
மோதல் ஒரு காரணம். சிறிய கோள்களுக்குச் சூரிய ஒளியே போதும். பகலில் சூடான மேற்பரப்பு வெப்பத்தை வெளியே விடும்போது மிகமிக மெல்லிய உந்துதல் கிடைக்கிறது. வடிவம் ஒழுங்காக இல்லாவிட்டால் உந்துதல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் ஒரு திருகலாக மிஞ்சும். யார்க்கோவ்ஸ்கி, ஓகீஃப், ராட்சியெவ்ஸ்கி, பாடக் ஆகிய நால்வரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இதை யார்ப் விளைவு என்கிறார்கள். 12 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் ஒரு சின்னஞ்சிறு கோளின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடுவதை 2007இல் நேரடியாக அளந்தார்கள். அந்தக் கோளுக்கே பின்னர் 54509 யார்ப் என்று பெயர் வைத்தார்கள். பென்னு என்ற சிறுகோளின் சுழற்சிக் காலம் 4.3 மணி, நூறு ஆண்டில் ஒரு நொடி அளவு குறைகிறது.

வளைகோடு:
ஒளிவளைவு எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்பதற்கு டிடிமாஸ் என்ற சிறுகோளின் குட்டித் துணைக்கோளான டைமார்ஃபாஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம் அதில் மோதியது. டிடிமாஸைச் சுற்ற அது எடுத்துவந்த நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து 11 மணி 23 நிமிடமாகச் சுருங்கியது. தரையிலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே புள்ளி. டைமார்ஃபாஸ் முன்னே வந்து மறைக்கும்போதும் பின்னே போய் மறையும்போதும் வெளிச்சம் கொஞ்சம் சரிகிறது. அந்தச் சரிவுகள் வரும் நேரத்தை வைத்தே மாற்றத்தை அளந்தார்கள். அதற்கு முன் டிடிமாஸின் 2.26 மணிச் சுழற்சி தரும் வளைவைத் துல்லியமாகக் கழிக்க வேண்டியிருந்தது. நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே வேலைதான்.

இரவுக்கணக்கு:
சுழல்தேடிக்கு இன்னொரு விஷயம், முழு இரவு எடுக்கும் முன் கவனிக்க. கோள் நகரும் பாதையை முன்கூட்டியே பார்த்து, மங்கலான நட்சத்திரங்கள் குறுக்கே வரும் நேரங்களைக் குறித்துவையுங்கள். கோளைவிட 3 மேக்னிட்யூட் மங்கலான நட்சத்திரம் ஒன்று அளவீட்டு வட்டத்துக்குள் வந்தால் 6 சதவீத வெளிச்சம் கூடும். அது 0.066 மேக்னிட்யூட், உங்கள் வீச்சில் பாதி! படத்தில் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரம் இப்படி ஒரு போலி மேட்டை உருவாக்கிவிடும். சந்தேகமான புள்ளிகளைத் தயங்காமல் நீக்குங்கள். ஆனால் வளைவு அழகாக வர வேண்டும் என்பதற்காக அல்ல, நட்சத்திரம் அங்கே இருக்கிறது என்று அட்டவணையில் பார்த்த பிறகு மட்டும்.

அப்புறம், பிரகாசம் மாறாத ஒரு நட்சத்திரத்தையும் கோளைப் போலவே அளந்து அருகில் வரைந்து வையுங்கள். அது நேர்கோடாக நின்றால்தான் கோளின் வளைவை நம்பலாம்.

தொடுவானம்:
குறுக்கே ஒரு வார்த்தை. மெதுவாகச் சுழல்பவற்றையும் மறந்துவிட வேண்டாம். மதில்டா ஒரு சுற்றுக்கு 17 நாளுக்கு மேல் எடுக்கிறது. கிளாக்கே ஏறக்குறைய 50 நாள். ஓர் இரவில் பார்த்தால் இவை வெறும் நேர்கோடு. நம்மில் பலர் நேர்கோட்டைக் கண்டதும் வீச்சு இல்லை என்று கோப்பை மூடிவிட்டு வேறு கோளுக்குப் போய்விடுகிறோம். கெப்ளர், டெஸ் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் நாள்கணக்கில் இடைவிடாமல் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் மெதுவாகச் சுழல்பவை நாம் எண்ணியிருந்ததைவிட எவ்வளவு அதிகம் என்று தெரிந்தது. நேர்கோடு கிடைத்தாலும் வெளியிடுங்கள். எத்தனை மணி நேரம் பார்த்தும் எவ்வளவுக்கு மேல் மாறவில்லை என்பதும் ஒரு அளவீடுதான்.

டூட்டாட்டிஸ், அபோஃபிஸ் போன்றவை ஒரே அச்சில் சுழல்வதே இல்லை, தள்ளாடிக்கொண்டு போகின்றன. அவற்றை ஒரே காலத்துக்கு மடித்தால் எந்தக் காலத்திலும் வளைவு மூடாது. அபோஃபிஸ் 2029 ஏப்ரல் 13 அன்று பூமிப் பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும்போது நம் ஈர்ப்பு அந்தத் தள்ளாட்டத்தையே மாற்றக்கூடும். முன்னும் பின்னும் எடுத்த வளைவுகள்தான் அதைக் காட்டும். இப்போதே பழகிவைத்துக்கொள்வது நல்லது.

சுழல்தேடி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு வானம் ஒத்துழைத்தது, 7 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் எடுத்துவிட்டேன். முடிவு இது.

இரண்டு மேடும் ஒரே இரவில் வந்திருக்கின்றன. முதல் மேடு இரண்டாவதைவிட 0.035 உயரம். பள்ளங்களிலும் வேறுபாடு உண்டு: ஒன்று கூர்மை, மற்றது தட்டையாக அகலம். அருகில் வைத்த நட்சத்திரம் 0.01க்குள் நேராக நிற்கிறது. பாதையில் ஒரு இடத்தில் மட்டும் மங்கலான நட்சத்திரம் இருந்தது, அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டேன். அது மேட்டிலும் இல்லை, பள்ளத்திலும் இல்லை, ஏறும் வழியில்.

பழைய இரவுகளையும் அட்லாஸ் அட்டவணைக்குக் கொண்டுவந்து, நகர்வைப் பூட்டிவிட்டுத் திரும்ப ஓட்டினேன். 3.42இன் பிழை 6.84இன் பிழையைவிடத் தெளிவாகக் கூடிவிட்டது. 13.68க்கும் ஓட்டிப் பார்த்தேன், முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் படிகின்றன.

நிழல்முனை:
நான் முதலிலேயே சொன்ன எண்தான் வந்திருக்கிறது. ஆனால் இப்போது அது உங்கள் தரவிலிருந்து வந்த எண். மனமார்ந்த வாழ்த்துகள்.

வளைகோடு:
வாழ்த்துகள் தம்பி. கூர்மையான பள்ளமும் தட்டையான பள்ளமும் மாறிமாறி வருவது மேடுகளின் உயர வேறுபாட்டைவிட நல்ல சான்று. உயரம் அளவுகோல் பிழையால் மாறலாம், வடிவம் அப்படி மாறாது. 6.84 என்று எழுதுங்கள். 3.42ஐயும் 13.68ஐயும் ஏன் தள்ளினீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள், மூன்று காலங்களுக்கும் மடித்த படங்களையும் கூடவே வையுங்கள். பின்னால் வருபவர் உங்கள் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை, அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இப்போதே கேட்காதீர்கள். அடுத்த எதிரமைவு ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு கழித்து வரும், அப்போது கோளை வேறு கோணத்தில் பார்ப்போம். இன்று நாம் துருவத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அன்று வீச்சு 0.13லிருந்து நன்றாகக் கூடிவிடும். மூன்று, நான்கு எதிரமைவுகள் சேர்ந்தால் வடிவத்தையும் துருவத்தையும் தேடலாம். அப்போதும் பெரும்பாலும் தீர்க்கரேகையில் 180 பாகை இடைவெளியில் இரண்டு துருவங்கள் விடையாக வந்து நிற்கும். பட்டைக் கோள்களைப் பெரும்பாலும் ஒரே தளத்திலிருந்து பார்ப்பதால் வரும் சிக்கல் அது.

சுழல்தேடி:
சரி, அப்படியே எழுதுகிறேன். இன்று மாலை எல்லா அளவீடுகளையும் கோப்பாக இங்கே ஏற்றிவிடுகிறேன், கோளின் எண்ணும் அதில் இருக்கும். தீர்க்கரேகையில் எனக்கு வெகுதூரம் கிழக்கிலோ மேற்கிலோ இருப்பவர்கள் அடுத்த அமாவாசைக்குள் ஓர் இரவு எடுக்க முடிந்தால் சொல்லுங்கள். நான் எடுத்து முடிக்கும் நேரத்தில் நீங்கள் தொடங்கினால் முழுச் சுற்று இரண்டு தடவை இடைவெளியின்றிக் கிடைத்துவிடும்.

தொடுவானம்:
நான் எடுக்கிறேன். என்னிடம் 8 அங்குலம்தான். 14.5க்கு 3 நிமிட எக்ஸ்போஷர் போதும் என்று நினைக்கிறேன், 6.84 மணிக்கு அது ஒன்றும் நீளமில்லை.

இரவுக்கணக்கு:
போதும். கோள் நட்சத்திரங்களுக்கு இடையே கோடாக இழுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் முதல் படத்தில் பாருங்கள். சுழல்தேடி, கோப்பை ஏற்றும்போது ஒன்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்: நேரம் எக்ஸ்போஷரின் தொடக்கமா, நடுவா? ஒளி வந்து சேரும் நேரத்தைக் கழித்துவிட்டீர்களா, இல்லையா? ஒரு வானியல் அலகுக்கு 8.3 நிமிடம். ஒருவர் கழித்தும் மற்றவர் கழிக்காமலும் சேர்த்தால் இரண்டு பேரின் வளைவும் பக்கவாட்டில் விலகி நிற்கும்.

சுழல்தேடி:
நேரம் நடுப்புள்ளி, உலக நேரத்தில். ஒளி நேரம் கழிக்கவில்லை. கோப்பின் முதல் வரியிலேயே இரண்டையும் எழுதிவிடுகிறேன்.